வாயில் வைன் இருந்தது

"இந்த பாட்டிலை எப்பதாங்க திறப்பீங்க?"

"நல்ல நாள் வரட்டும்."

"அதைத் தடவித் தடவிப் பாக்கறதுல பாதியாவது என் முகத்தை நிமிர்ந்து பாத்திருக்கீங்களா?"

மூக்குராஜா 'இரு' என்று கையைக் காட்டினார். வாயில் வேறொரு வைன் இருந்தது. அதைத் துப்பிவிட்டுத் திரும்பினால் மனைவி அங்கே இல்லை.

எப்போதோ நடந்த அந்தப் பேச்சு இப்போது நினைவுக்கு வந்ததற்குக் காரணம், கூடத்து நடுவில் நின்ற சாம்பல் நிறப் பெட்டி. வெளியே விடாத தூறல். படுக்கையறை அலமாரியில் பாதி காலி. எந்தப் பாதி என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"சாயங்காலம் டாக்ஸி வரும்," என்றாள் மனைவி.

வைன் இறக்குமதி செய்யும் கம்பெனியில் ருசி பார்ப்பது அவர் வேலை. மூக்குராஜா என்பது ஆபீஸ் வைத்த பெயர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மலைச்சரிவில் விளைந்த திராட்சை என்று சொல்லிவிடுவார். வீட்டில் நடப்பது மட்டும் பெட்டியில் கால் இடித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெறும் வாய்க்கு அது வராது. நல்ல நாளுக்கென்று வைத்திருந்த அந்தப் பாட்டிலைத் திறந்துவிட வேண்டியதுதான். மால்பெக் திராட்சையோடு கொஞ்சம் கேபர்னே திராட்சையும் கலந்து, ஓக் மரப் பீப்பாயில் ஊறிய உயர்ந்த ரகம். இளஞ்சூடான அறையில் கிடந்ததால், லேசாகக் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்தார்.

"உங்க நீல ஸ்வெட்டர் எங்க?" என்று உள்ளேயிருந்து குரல்.

அவருக்குக் கண் கலங்கியது. பிரிந்து போகும்போதும் ஞாபகத்துக்கு என் ஸ்வெட்டரைக் கேட்கிறாளே! தேடிக் கொடுத்துவிட்டு வந்தபோது பாட்டில் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. வாசனை செத்திருக்கும். வெந்நீரில் நிறுத்தினார். லேபிள் கழன்று மிதந்தது. தக்கையைத் திருகினார். அது பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. வேறு வழியில்லாமல் டீ வடிகட்டியை எடுத்தார்.

இரண்டு கோப்பைகளோடு கூடத்துக்கு வந்தவர், ஈரக் காலோடு வழுக்கினார். ஒரு கோப்பை அப்படியே பெட்டியின் மேல் கவிழ்ந்தது.

"ஐயோ, உள்ளே துணியெல்லாம்..." என்று ஜிப்பைப் பிடித்தார்.

"அதைத் திறக்காதீங்க!"

அவ்வளவு கோபமா! கையை எடுத்துவிட்டார். மிஞ்சிய கோப்பையை அவளிடம் நீட்டினார்.

"முதல்ல கறுப்பு பிளம் பழம் தெரியும். அப்புறம் வயலட் பூ. கடைசியில கோகோ, கொஞ்சம் புகை."

அவள் ஒரு மிடறு குடித்தாள். "டீத்தூள்."

"அது... ஓக் பீப்பாய்."

"நம்ம வீட்டு டீத்தூள்ங்க. எனக்குத் தெரியாதா?" இன்னொரு மிடறு. "வடிகட்டியைக் கழுவவே இல்ல, இல்லையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"குடிச்ச பிறகும் வாயிலயே நிக்குது," என்றாள் அவள், கோப்பையைப் பார்த்தபடி. "நல்லாத்தான் இருக்கு. முன்னாடியே திறந்திருக்கலாம்."

அந்தக் குரலில் கோபமில்லை என்பதுதான் அவரை உலுக்கியது. முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். நெற்றியோரம் நரை. எப்போது வந்தன இவையெல்லாம்? உதட்டோரம் மால்பெக் ஊதாவாய் ஒட்டியிருந்தது.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"இவ்வளவு நாளா பாக்கலையே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசல் மணி அடித்தது. டிரைவர் நனைந்தபடி உள்ளே வந்து பெட்டியைத் தூக்கினார்.

மூக்குராஜா பாய்ந்து கைப்பிடியைப் பற்றினார். வாயில் வைன் இல்லை. சாக்கு எதுவும் இல்லை.

"போகாதே," என்றார். குரல் உடைந்தது. "என்னை விட்டுட்டுப் போகாதே."

மனைவி கோப்பையோடு சோபாவில் உட்கார்ந்தாள்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அம்மா எங்கேயும் போகல. உங்களைத்தான் உங்க அண்ணன் வீட்டுல இறக்கிவிடச் சொல்லியிருக்காங்க."