கொம்பியூட்டர் கோடாங்கி

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சேவல் கூவி நெடுநாளாயிற்று. கூவுவதற்கு ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா? எல்லாம் கொம்பியூட்டர் கோடாங்கி இருளாண்டியின் குழம்புச் சட்டிக்குப் போய்விட்டன.

இருளாண்டி லேசுப்பட்ட ஆளில்லை. மனிதர்களின் தாள உணர்வைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் தரை துடைத்தவன். வரும்போது அங்கிருந்த மென்பொருளையும் துடைத்துக்கொண்டு வந்துவிட்டான். யுத்த காலமல்லவா, வழியெல்லாம் சோதனைச் சாவடி. சிப்பாய்கள் அவன் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, குண்டு இல்லையென்று விட்டுவிட்டார்கள். உள்ளே பேய் இருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்.

தப்பு மேளத்தின் சத்தத்துக்குப் பேய் நிலைகொள்ளாது என்பது தோட்டத்து நம்பிக்கை. ஆகவே சோதனை சுலபம். ஹெட்போனில் தப்பு ஒலிக்கும். அதற்கு ஏற்றபடி கீபோர்டில் தட்ட வேண்டும். தட்டும் சத்தமும் காதில் விழும். கை தடுமாறினால் பேய். பேய் ஒன்றுக்குச் சேவல் ஒன்று. லயமே வரிசையில் நின்றது.

அன்று அழகம்மாவின் முறை. தையில் அவளுக்குக் கலியாணம். அவள் கை தடுமாறியது.

"பாத்தீங்களா? சுடுகாட்டுப் பேய். இந்தப் புள்ள கால் வச்சா வீடு வெளங்காது" என்றான் இருளாண்டி.

மாப்பிள்ளையின் அப்பா மாரிமுத்து எழுந்துவிட்டார். காமன் கூத்துக்குத் தப்படிப்பவர். "அப்ப இந்தச் சம்பந்தம் வேணாங்க."

அழகம்மாவுக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளைமேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் காதைக் கழற்றி வைத்துவிட்டா வந்தாள்?

"மாமா, கோடாங்கி சாமி கீபோர்டுல அந்த மூலைக் கட்டைய அமுக்கினாரு. அப்பறந்தான் நான் தட்டுறது எனக்கே பிந்திக் கேட்டுச்சு. நீங்க ஒருக்கா தட்டிப் பாருங்க."

"எனக்கெதுக்கு? என் கை பெசகுமா?"

"பெசகாதுல்ல, அப்பறம் என்ன பயம்? சாமி, நீங்க கையத் தூக்கிக்கிட்டு நில்லுங்க. செக்பொயின்ட்ல நிப்பீங்கள்ல, அது மாதிரி."

மாரிமுத்து ஹெட்போனை மாட்டித் தட்டினார். நாலாவது அடியிலேயே கை நொண்டியது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. தப்புக்காரருக்கே பேயா?

அழகம்மா மூலைக் கட்டையை அமுக்கினாள். மாரிமுத்துவின் கை சீரானது. திரும்பவும் அமுக்கினாள். நொண்டியது.

"இந்தப் பேயி நான் சொன்னாலும் கேக்குது மாமா."

மாரிமுத்து ஹெட்போனைக் கழற்றி இருளாண்டியின் தலையில் மாட்டினார். "இப்ப நீ தட்டுடா. தம்பிமாரே, வேப்பங்கொத்து ஒடிச்சிட்டு வாங்க. சாமிக்கும் பேய் ஓட்டணும்." பிறகு அழகம்மாவைப் பார்க்காமலே சொன்னார்: "கலியாணம் தையிலதான்."

அப்படியே நடந்தது. விருந்துக்குத்தான் கோழி கிடைக்கவில்லை. லயத்தில் இன்றைக்கும் சேவல் சத்தமில்லை. எழுப்பிவிடச் சேவலுமில்லை, ஐயாமாரே. இனியாவது தானாக விழித்துக்கொள்ளுங்கள்.