அக்காவுக்காக மறித்து வைத்த கரையோர இடம்

ஸ்கீவ, டென்மார்க்
ஆனி, 2009

என்றும் என் மதிப்புக்குரிய தங்கமலர் அக்காவுக்கு,

தம்பி ஆனந்தராஜா பணிவன்புடன் வரைவது. நானும் ஞானேஸ்வரியும் மகன் நிரோஜனும் இங்கே சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கும் வரியை எழுதக் கை வரவில்லை. அதை விட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். அகதி முகாமின் முள்ளுக்கம்பிக்கு அப்பால் உங்களைக் கண்ணால் கண்டதாக வவுனியாவிலிருந்து மச்சான் கந்தையா சொன்ன பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு இறங்குகிறது. எங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தை உங்களுக்குத் தரச் சொன்னேன். இக்கடிதத்தையும் அவரே சேர்ப்பிப்பார்.

நாங்கள் இப்போது ஹேர்னிங் வீட்டில் இல்லை அக்கா. சண்டை நடந்த மாதமெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ரீவிக்கு முன்னால் சிலைபோல இருந்ததைப் பார்த்த நிரோஜன், "அப்பா, இப்பிடியே இருந்தால் உங்களுக்கு விசர் பிடிக்கும்" என்று ஒரு பழைய கரவன் வாங்கினான். கரவன் எண்டால் காருக்குப் பின்னால கொழுவி இழுக்கிற வீடு, அதுக்குள்ள நான் நிமிர்ந்தால் தலை இடிக்கும், ஞானேஸ்வரி திரும்பினால் நான் வெளியில இறங்கவேணும். அதைக் கடற்கரையில, சனம் லீவுக்குக் கரவனோட வந்து தங்கிற ஒரு கேம்பிங்கில கொண்டுவந்து விட்டிட்டுப் போட்டான். வந்த அடுத்தநாள் காலமை கேம்பிங் சொந்தக்காரி கிர்ஸ்டன், கால் முறிஞ்சு கட்டுப்போட்டபடி வந்து வாய்க்குள்ளயே ஏதோ கதைச்சா. நித்திரை வந்ததோ எண்டு கேக்கிறா எண்டு நினைச்சு நான் "யா, யா" எண்டன். பாத்தால், கோடை முடியுமட்டும் இடத்தைப் பொறுப்பாப் பாக்க ஒத்துக்கொண்டிட்டனாம்! இப்ப கேற் திறக்கிறது, வாற சனத்துக்குக் கரண்ட் கொழுவிறது, கக்கூசுத் தாங்கியை எங்க ஊத்திறதெண்டு காட்டிறது எல்லாம் உங்கட தம்பிதான்.

அப்பிடிப்பட்ட பொறுப்பாளரின்ர பெண்சாதி ரைஸ் குக்கரையும் கேத்திலையும் ஒண்டாப் போட, பியூஸ் போய் எங்கட வரிசைக்கே கரண்ட் இல்லை. பக்கத்துக் கரவன் கிழவர் பௌல், ஒரு கன்னம் வழிச்சு மற்றக் கன்னத்தில தாடியோட, ஷேவர் மெசினும் கையுமா வந்து நிண்டார். எனக்கு அவற்ற தாடியைப் பற்றிக் கவலையில்லை. போன் சார்ஜில கிடந்தது. நீங்கள் கோல் எடுக்கிற நேரம் அது செத்துக்கிடந்தால்? போனைக் கையில பிடிச்சபடி, கோல் வரும், கெதியாப் பாருங்கோ எண்டு அவரை அவசரப்படுத்தினன்.

"யாற்ற கோலுக்கு இந்த அவசரம்?" எண்டு பௌல் பியூஸைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

நான் வாய் திறக்கமுன்னம் ஞானேஸ்வரி தன்ர டெனிஷில, "இவற்ற அக்கா. அவவும் கேம்பிங்கிலதான்" எண்டாள்.

"நல்லது, நல்லது. அங்க வெயிலோ?"

"சரியான வெயில்" எண்டாள் ஞானேஸ்வரி.

நான்தான் சொன்னன், அது வேற மாதிரிக் கேம்ப், சுத்திவர முள்ளுக்கம்பி, வாசலில ஆமி, வெளியில போக ஏலாது எண்டு.  கிழவர் போய்த் தன்ர கரவனில இருந்த பெரிய பற்றறியைக் கழட்டித் தூக்கிக்கொண்டு வந்து, "இது போனுக்கு மட்டும். சோறு சமைக்கக் கூடாது" எண்டு வச்சிட்டுப் போனார். மற்றக் கன்னம் அண்டைக்கு முழுக்க அப்பிடியே கிடந்தது.

இன்னொண்டு. தண்ணிக் கரையோட ஒரு நல்ல இடம் கிடக்கு. ஆர் வந்து கேட்டாலும், பிடிச்சாச்சு எண்டு சொல்லிப்போடுவன். "யார் பிடிச்சது?" எண்டு கிர்ஸ்டன் கேட்டா. "எங்கட குடும்பம்" எண்டன்.  எப்பிடியும் உங்களை இஞ்ச கூப்பிட்டுவிடுவன். நீங்கள் வந்து அதில கதிரையைப் போட்டு இருங்கோ, ஒருத்தரும் உங்களை எழும்பு எண்டு சொல்லாயினம்.

எல்லாம் வல்ல முருகன் உங்களைக் காத்து, விரைவில் எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டுகிறேன். ஞானேஸ்வரியும் நிரோஜனும் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

இங்ஙனம்,
அன்புத் தம்பி
ஆனந்தராஜா

பி.கு: கடிதத்தை ஒட்டமுன்னம் உங்கட கோல் வந்திட்டுது. ஆற்றயோ போனில, இரகசியமா, "டேய், நான் ஒரிடமும் வரமாட்டன். இவங்கள் விட்டால் வீட்டைதான் போவன். நீ வாவன்ரா" எண்டியள். பிறகு லைன் கட். ஆனபடியால் உங்களைக் கூப்பிடுவன் எண்டு மேல எழுதினதை விட்டுவிடுங்கோ. கரையோர இடத்தைப் பிள்ளையளோட வந்த ஒரு ஜேர்மன் குடும்பத்துக்குக் குடுத்திட்டன். ரிக்கற்றுக் காசுக்காக எங்கட கரவன் விற்பனைக்கெண்டு பௌல் பெரிசா எழுதிக் கண்ணாடியில ஒட்டியிருக்கிறார். வாறன் அக்கா.