நிலாவின் கடைசி அத்தியாயம்

திருத்தணி,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய இளங்கோவன் பாவா அவர்களுக்கு,

உங்கள் கொழுந்தியாள் கனிமொழி வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். என் மகள் கவிப்பிரியாவும் இதை எழுதும் நிமிடம் வரை நலம். எழுதுகிற நாட்களில் நீங்கள் போனைத் தொடமாட்டீர்கள் என்று அக்கா சொன்னதால் இந்தக் கடிதம்.

போன தையில் இரண்டு நாள் வந்து தங்கி, குழந்தை இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டீர்கள். ஆறுதலுக்குக் கேட்கிறீர்கள் என்று நானும் அழுகையும் பஜ்ஜியுமாகக் கொடுத்தேன். அது வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வரும் என்று யார் கண்டது? கவிப்பிரியாவை நிலா ஆக்கியதைத் தவிர எதையும் மாற்றவில்லை நீங்கள். எங்கள் பச்சை கேட், என் வீட்டுக்காரர் ஓட்டும் ஷேர் ஆட்டோ, நான் படித்த எம்.காம்., எல்லாம் அப்படியே. ஊரே கண்டுபிடித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா, "இன்னும் எத்தினி வாரம்மா?" என்கிறாள். எதிர்வீட்டு சுதா குழந்தையைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே, "இந்தக் கன்னத்த இன்னொரு வாட்டி பாப்பனோ மாட்டனோ" என்கிறாள். குழந்தை கேட்கிறது: "ஏன் ஆண்ட்டி, நீங்க ஊருக்குப் போறீங்களா?"

கடைசி அத்தியாயத்தில் நிலா இறக்கிறாளாமே. "நெஜத்துக்கு முடிவு வர்ற வரைக்கும் பத்திரிகை காத்துகினு இருக்குமா?" என்று அக்காவிடம் கேட்டீர்களாம். பாவா, அந்த இதழ் வருவது இருபதாம் தேதி, புதன்கிழமை. சென்னையில் கவிப்பிரியாவுக்கு ஆபரேஷனும் அதே புதன்கிழமைதான். உள்ளே டாக்டர் கத்தியை எடுக்கும் நேரத்தில் வெளியே என் பக்கத்து நாற்காலியில் யாராவது அதை விரித்துப் படித்தால் நான் என்ன செய்வேன்? நிலாவைப் பிழைக்க வையுங்கள். முடிவு சப்பென்று இருக்கிறது என்று வாசகர்கள் திட்டினால் திட்டட்டும். அவள் பிழைத்தால் மலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு.

அக்காவுக்கு என் அன்பு. பெரியவர் நீங்கள் குழந்தையை ஆசீர்வதியுங்கள். எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கனிமொழி

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். "கதை வேற, நெஜம் வேற, பைத்தியம்" என்று இத்தனை நாளும் என்னைக் கேலி செய்த மனுஷன் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு, "ஒரு சாவு வந்துதான் தீரணும்னா அது அந்தக் கதைக்கே போவட்டுமே, கனி" என்றார். ஆகவே பாவா, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நிலா சாகட்டும். புதன்கிழமை வரை இழுக்காமல் முந்தின வாரமே முடித்துவிடுங்கள். ஆனால் நிலா என்று போடவேண்டாம். கவிப்பிரியா, பூரட்டாதி நட்சத்திரம் என்று தெளிவாகவே போடுங்கள். எருமையில் வருகிறவன் ஆள் மாறி இங்கே வந்துவிடக் கூடாது.