எலெக்ட்ரானுக்கு யார் சாட்சி?

தமிழ்நாட்டில் இதுவரை பரீட்சை எழுதியவர்களில், விடைத்தாளில் ஒரு பொய்கூட எழுதாதவள் ஒருத்திதான். அவள் என் விடுதி அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். அதனாலேயே முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரியில் ஃபெயிலானாள்.

வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. விடுதி வாட்ச்மேன் முதல் மெஸ் அக்கா வரை எல்லோருக்கும் அவள் 'சாட்சி'. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே எங்கள் கல்லூரி. முதல் வருஷம், முதல் வாரம், முதல் கெமிஸ்ட்ரி வகுப்பு. அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம்தான் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, தன் மேஜையை விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு யாரு மேடம் சாட்சி?"

மேடம் ஒரு விஞ்ஞானியின் பெயரைச் சொன்னார். அவர் செத்துப்போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது, இனி விசாரிக்க முடியாது என்று தெரிந்ததும், நெருங்கிய சொந்தம் போனதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

ஊர் வடகரை. பஸ்ஸில் வந்துபோகிற தூரம்தான். ஆனால் அவள் ஒரு வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்று, எந்தப் பஸ் எத்தனை நிமிஷம் பிந்தி வருகிறது என்று நோட்டில் எழுதி அண்ணனிடம் கொடுத்திருக்கிறாள். அப்பா இல்லாத வீடு. தேங்காய் வியாபாரம் பார்க்கிற அண்ணன் சொல்வதுதான் முடிவு. அவர் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு ஒரு ஒப்பந்தம் போட்டார். விடுதியில் சேரலாம். ஏதாவது பேப்பர் போனால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் போனால் படிப்பு முடிந்தது, பெட்டியோடு வடகரை. சாட்சி இதை எங்களிடம் ஏதோ வானிலை அறிக்கை மாதிரி சொன்னாள்.

எங்கள் அறையில் மூன்றாவது ஆள் கடையநல்லூர் ஷமீமா. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கல்லூரியில் திடீரென்று எல்லாம் இங்கிலீஷில் கொட்டியதில் முதல் மாதம் முழுக்க கெமிஸ்ட்ரி வகுப்பு முடிந்ததும் நேராக வந்து போர்வைக்குள் போய்விடுவாள். மோல் என்ற ஒரு சொல் அவளைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று இலக்கம் வருகிற எண்ணை யார் எண்ணினார்கள் என்று அவள் அழ, யார்தான் எண்ணினார்கள் என்று சாட்சியும் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸிலிருந்து ஒரு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் பாசிப்பயறும் காணாமல் போயின. கட்டில் மேல் பேப்பர் விரித்து, சாட்சி நூறு அரிசி எண்ணினாள். நூறு பயறு எண்ணினாள். இரண்டையும் பொட்டலம் கட்டி, மறுநாள் லேபில் தராசில் வைத்தாள். பயறு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஷமீமாவை இழுத்து வந்து தராசுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இதுலயும் நூறு, அதுலயும் நூறு. ஆனா எடை வேற. இப்ப ஒரு மூட்டை அரிசிய எண்ணணும்னா நீ எண்ணுவியா, நிறுப்பியா?"

"நிறுப்பேன்."

"அம்புட்டுத்தான் மோல். எண்ண முடியாததை நிறுத்து எண்ணுதாவ."

ஷமீமா போர்வையை மடித்து வைத்தது அன்றைக்குத்தான். விஷயம் விடுதி முழுக்கப் பரவியது. மறுவாரம் பக்கத்து அறைக்காரிகள், மாடி அறைக்காரிகள், பிசிக்ஸ் படிக்கிறவர்கள் என்று கட்டிலைச் சுற்றிக் கூட்டம். வேதிவினையில் எது முதலில் தீர்கிறதோ அதுதான் எல்லையை முடிவு செய்யும் என்ற பாடத்தை, தட்டுக்கு இரண்டு இட்லி ஒரு வடை என்று மெஸ்ஸில் வைத்தே நடத்தினாள். இட்லி மலைபோலக் கிடந்தும் வடை பன்னிரண்டுதான் என்றால் பன்னிரண்டு தட்டுதான் ஆகும் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது, மெஸ் அக்கா கரண்டியோடு வந்து நின்று கேட்டார். இதைத்தான் நான் மூணு வருஷமா வார்டன்கிட்ட சொல்லுதேன், யாரு கேக்கா என்றார்.

சீசன் நேரத்தில் சாட்சி எங்களைக் குற்றாலம் மெயின் அருவிக்குக் கூட்டிப்போனது குளிக்க என்றுதான் நினைத்தோம். பெண்கள் பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் விசில் ஊதி ஊதி ஆள் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போகிற எண்ணிக்கையும் வெளியே வருகிற எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால், தண்ணீருக்கு அடியில் நிற்கும் கூட்டம் எப்போதும் ஒரே அளவாக இருக்கும். யாரும் அங்கேயே நின்றுவிடவில்லை, ஆனால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. வேதிச் சமநிலை என்றால் இதுதான் என்று சாட்சி காட்டினாள். காட்டியதோடு விட்டிருக்கலாம். அரைமணி நேரம் நனையாமல் ஓரமாக நின்று விரல் விட்டு எண்ணியதில் போலீஸ்கார அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, குளிக்க வந்தியா ஆள் கணக்கெடுக்க வந்தியா என்று அவளைப் பிடித்து அருவிக்குள் தள்ளினார். சமநிலையை ஒருத்தி கெடுத்துவிட்டாள் என்று அவள் தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து ரிசல்ட் வந்தது. அவளிடம் படித்த பதினாறு பேரும் பாஸ். எனக்கு நல்ல மார்க். ஷமீமா அறுபத்து நான்கு. சாட்சி மட்டும் இல்லை.

நாங்கள் நம்பாமல் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். மோல் கணக்கெல்லாம் முழு மார்க். அணு அமைப்பு பற்றிய கேள்விகள் வந்த இடத்தில்தான் வெற்றிடம். அணுவுக்குள் எலெக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டால்களின் வடிவத்தை விளக்குக என்ற பத்து மார்க் கேள்விக்கு அவள் எழுதியிருந்தது இரண்டே வரி. இதை நான் பார்த்ததில்லை. படம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கூடவே பக்க எண்ணும் கொடுத்திருந்தாள்.

ஷமீமாவுக்கு வந்ததே கோபம். "ஏட்டி, எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்துட்டு நீ வெறுந்தாளைக் குடுத்துட்டு வந்திருக்கே. புத்தகத்துல உள்ளதை எழுதுனா கையி அழுகிருமா?"

"எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதச் சொல்லுதியா?"

"ஊரே அப்படித்தாம்ட்டி எழுதுது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

சித்திரை மாதம் மறுபரீட்சை. வடகரை அண்ணன் ஃபோனில் கத்தவில்லை. செங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குத் தங்கச்சி பெயரைச் சொல்லி வைத்துவிட்டதாக மட்டும் சொன்னார். ஃபோனை வைத்த பிறகு சாட்சி வெகுநேரம் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. துணி துவைக்கக்கூட எழுதி வைத்துத்தான் செய்வேன். சாட்சியை உட்காரவைத்து, அணு அமைப்பில் அவள் நம்பாத விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினேன். பதினான்கு வந்தது. இத்தனை நாள் அவள் எங்களுக்குச் செய்ததை இப்போது நாங்கள் அவளுக்குச் செய்ய வேண்டும். ஒன்று, எலெக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் படிகள்தான் உண்டு என்பது. மெஸ் டியூப்லைட்டை ஒரு உடைந்த சிடியும் அட்டைப்பெட்டியும் வைத்துப் பார்த்தோம். வானவில் இழையாமல் தனித்தனி வண்ணக் கோடுகளாகத் தெரிந்தது; எலெக்ட்ரான் படிக்குப் படி தாவுவதால்தான் வண்ணமும் விட்டு விட்டு வருகிறது. அவள் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பட்டியலில் அந்த வரியை அடித்தேன். இப்படி ஒவ்வொன்றாகப் பதின்மூன்றை அடித்தாயிற்று.

பதினான்காவது அசையவில்லை. "எலெக்ட்ரான் எங்கன இருக்குன்னு சொல்ல முடியாதுங்காவ. அப்ப ஆர்பிட்டால் படம் மட்டும் எப்படி வரைஞ்சாவ?" மேடத்திடம் கேட்டோம். கணிதப்படி வருகிறது, எழுதிவிட்டுப் போ என்றார். ஷமீமா கெஞ்சினாள். நான் மூன்று விதமாக விளக்கினேன். சாட்சி மூன்றையும் பொறுமையாகக் கேட்டு, மூன்றும் நான் மனப்பாடம் செய்தவை என்று சரியாகக் கண்டுபிடித்தாள்.

அந்த வருஷம் மழை பிந்திப் பெய்ததால், தை கடைசியிலும் மெயின் அருவியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. ஒரு ஞாயிறு காலை போனோம். மறுநாள் லேப் என்று ஷமீமா ரெக்கார்ட் நோட்டைக் கையோடு கொண்டு வந்தாள். அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய் கொண்டுபோவார்கள், துண்டு கொண்டுபோவார்கள். நோட்டோடு போனது அவள் மட்டும்தான். படிக்கட்டில் திறந்தபடி வைத்துவிட்டுத் திரும்பினால், மை பேனாவில் எழுதிய இரண்டு பக்கமும் காலி. சாரல் பட்ட இடமெல்லாம் நீலப் பொட்டுப் பொட்டாக மை கலங்கிக் கிடந்தது. ஷமீமா அழுகைக்குத் தயாரானாள். சாட்சி நோட்டைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

அருவியைப் பார்த்த பக்கத்தில் பொட்டுகள் நெருக்கம். இந்தப் பக்கம் வர வர இடைவெளி.

நான் கேட்டேன். "அடுத்த துளி எங்க விழும், சொல்லு."

"அது எப்படிச் சொல்ல முடியும்?"

"எங்க நிறைய விழும்?"

அவள் நோட்டின் பின்பக்கத் தாள்களைக் கிழித்தாள். ஷமீமாவும் தடுக்கவில்லை, எப்படியும் நோட்டு போனதுதான். தாள் முழுக்க மையால் கோடு இழுத்து, அருவியிலிருந்து ஒவ்வொரு எட்டுக்கும் ஒன்றாகத் தரையில் வைத்துக் கல் ஏற்றினோம். தாளுக்கு மேல் குடை பிடிப்பது, பத்து எண்ணும் வரை குடையை விலக்குவது, மறுபடி மூடுவது. இதுதான் முறை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் இது ஏதோ அரசாங்கத் திட்டம் என்று நினைத்துத் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஈரச்சேலையோடு வந்த ஒரு பெரியம்மா, "அருவிக்கு ஜாதகம் எழுதுதியளா?" என்று கேட்டுவிட்டு, விடை கிடைக்கும்வரை போகாமல் நின்றார்.

இரண்டு தடவை செய்தோம். முதல் தடவை துளி விழுந்த அதே புள்ளிகளில் இரண்டாம் தடவை விழவில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு வரிசையும் ஒரே மாதிரி. கிட்டத்தில் அடர்த்தி, தள்ளித் தள்ளிப் போகக் குறைவு, பழக்கடை ஓரத்தில்கூட ஒற்றைப் பொட்டு. சாட்சி தாள்களை வரிசையாக வைத்து, பெரும்பாலான பொட்டுகள் உள்ளே வருகிற மாதிரி விரலால் ஒரு கோடு வரைந்தாள். பிறகு அதே கோட்டில் இன்னொரு தடவை.

"அப்ப புத்தகத்துல உள்ளது எலெக்ட்ரானோட படம் இல்லட்டி," என்றாள் மெதுவாக. "எங்கன தேடணும்ங்கிறதுக்குப் படம்."

நான் பட்டியலை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஆனா இது தண்ணி."

"தண்ணிதான். எலெக்ட்ரான் துளி மாதிரி இருக்கும்னு நான் சொல்லல. உதாரணம் இம்புட்டுத் தூரம்தான் வரும்."

"டம்பெல் மாதிரி ஒரு வடிவம் வருதே, அது ஏன்?"

"எனக்குத் தெரியாது."

நான் அவளிடம் மனப்பாடம் இல்லாமல் சொன்ன முதல் பதில் அதுதான். அவள் முகம் தெளிந்துவிட்டது. அப்படின்னா அதையும் எழுதுவேன் என்றாள்.

எழுதினாள். சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம், கூடுதல் தாள் மூன்று. ஒவ்வொரு பதிலிலும் இரண்டு தலைப்பு: 'புத்தகப்படி', 'நாங்கள் பார்த்தது'. ஆர்பிட்டால் கேள்விக்கு அருவியும் உண்டு, எலெக்ட்ரான் தண்ணீர்த் துளி அல்ல என்ற எச்சரிக்கையும் உண்டு, டம்பெல் வடிவத்துக்கான கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை என்ற வாக்குமூலமும் உண்டு. திருத்துகிறவர் எந்த மனநிலையில் இருப்பாரோ என்று ஷமீமா விரதம் இருந்தாள்.

ஆனியில் கல்லூரி திறந்த அன்றே ரிசல்ட். விடுதி வாசலில் லோடு ஆட்டோ ஒன்று நின்றது. பக்கத்தில் வடகரை அண்ணன், தோளில் துண்டு. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் சாட்சி கீழே வந்திருந்தாள். இணையதளம் திறக்கவில்லை. வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அண்ணன் எதுவும் கேட்காமல் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஐம்பத்து எட்டு. பாஸ்.

ஷமீமா அலறியதில் வாட்ச்மேன் ஓடி வந்தார். சாட்சி மட்டும் அசையவில்லை. உன் ஃபோனில் பார் என்றாள் ஷமீமாவிடம். அதிலும் ஐம்பத்து எட்டு. அண்ணன் ஃபோனை வாங்கினாள். அதிலும் வந்த பிறகுதான் சரி என்று தலையாட்டினாள்.

அண்ணன் ஆட்டோவின் பின்பக்கம் போய், தார்ப்பாயை விலக்கி, ஒரு மூட்டைத் தேங்காயைக் கீழே இறக்கினார். மெஸ்ஸுக்கு என்றார்.

"பெட்டிய ஏத்ததுக்கு வந்தியளா, தேங்காய எறக்கதுக்கு வந்தியளா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"ரெண்டுக்குந்தான். எது நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆட்டோ வெறுமையாகக் கிளம்பிப் போனது. பெட்டியை மேலே தூக்க ஆளுக்கொரு பிடி பிடித்தோம். மாடிப்படி திருப்பத்தில் சாட்சி நின்று, என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏன் அழுதே?"

"அழல. தூசி விழுந்திட்டு."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். என் இடது கண்ணைப் பார்த்தாள். வலது கண்ணைப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணுலயுமா?"

அவள் கேட்டதில் எதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் எனக்கு விடை தெரிந்த கேள்வி இது ஒன்றுதான்.