கோப்பைப் படத்தின் பன்னிரண்டாவது ஆள்

படத்தில் பதினோரு பேர் கழகத்தின் பட்டைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் மட்டும் மழைக்கோட்டுடன், கையில் காலிச் சாக்கோடு, பஸ்ஸைத் தவறவிட்டவர் போல ஓரமாக நின்றார். அவருக்குத்தான் பெயர் இல்லை.

கில்மோரா கால்பந்துக் கழகத்தின் செயலாளர் மலாக்கி தலையைப் பிடித்துக்கொண்டார். கழகத்தின் நூற்றாண்டு வரலாற்றை எழுதுவதில் அவருக்கு ஆறு வருடம் போயிருந்தது. அயர்லாந்து முழுக்கத் தேடினாலும் இவ்வளவு தோற்ற கழகம் கிடைக்காது. வென்றது ஒரே கோப்பை, 1934இல். அதையும் எவரோ தொலைத்துவிட்டார்கள். சாட்சி இந்தப் படம்தான். இதை எடுத்துவிட்டால் புத்தகத்தில் மிஞ்சுவது இருநூறு பக்கத் தோல்வியும் இரண்டு பாதிரியார்களின் ஆசியுரையும். சனிக்கிழமை நூற்றாண்டு விருந்தில் புத்தகம் வெளிவர வேண்டும்.

பதினோரு பேருக்கும் பேரப்பிள்ளைகள் வந்து விரல் வைத்துப் பெயர் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தவருக்குக் கீழே மலாக்கி 'பெயர் தெரியவில்லை' என்று எழுதினார்.

கறிக்கடை ஹான்ராட்டி, வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு வந்துவிட்டார்.

"எங்க தாத்தாவப் பாத்துப் பேர் தெரியலன்னு எழுதுவியா?"

"உங்க தாத்தாதான் கோல்கீப்பரா உக்காந்திருக்காரேப்பா."

"அது அப்பா வழி. இது அம்மா வழி. விருந்துக்கு மாட்டிறைச்சி யாரு குடுக்குறான்னு நினைப்பிருக்கா?"

மலாக்கிக்கு நினைப்பு வந்தது. அம்மா வழித் தாத்தாவின் பெயரை எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை அச்சகத்து கில்ஹூலி போன் செய்தார்.

"மலாக்கி, அந்தக் காதப் பாத்தியா?"

"எந்தக் காது?"

"ஓரத்துல நிக்கிறாரே, அவரு காது. அது எங்க வீட்டுக் காதுப்பா. இப்பதான் கண்ணாடியில சரிபாத்துட்டு வர்றேன். பேர மாத்து, இல்லன்னா மிஷின் ஓடாது."

மலாக்கி மதியம்வரை யோசித்தார். பிறகு கத்திரிக்கோலை எடுத்து, அந்த ஆளையே படத்தின் நகலிலிருந்து வெட்டி எறிந்தார். பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பமும் அன்று மாலையே ஒற்றுமையாகிவிட்டன. இறைச்சியும் நின்றது, மிஷினும் நின்றது.

மிச்சமிருந்த ஒரே அச்சகம் ஆற்றுக்கு அக்கரையில், பரம எதிரியான டிரம்கீல் ஊரில். கில்மோராக்காரர்கள் அங்கே போவது சவ அடக்கத்துக்கு மட்டும்தான், அதையும் ஓரளவு சந்தோஷமாகத்தான் செய்வார்கள். மலாக்கி தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கொட்டும் மழையில் பாலத்தைக் கடந்தார்.

அச்சகக்காரி டிம்ஃப்னா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து கோப்பைப் படத்தில் நின்றாள். பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்தாள். மலாக்கியும் பார்த்தார். அங்கே அதே படம், சட்டம் போட்டு, பன்னிரண்டு பேரோடும் தொங்கியது.

"ஓரத்துல நின்னவர எதுக்குங்க வெட்டினீங்க?"

"அவர் யாருன்னே தெரியலம்மா. ஊர்ல ஒரே சண்டை."

"அட பாவமே," என்றாள் டிம்ஃப்னா. "இதுல அவர் ஒருத்தர்தாங்க உங்க ஊர்க்காரர். ஃபைனலுக்கு எங்க ஆளுங்களுக்கு இரவல் குடுத்த சட்டையத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்து நிக்கிறாரு."