தேவாங்குக்கு அரைச் சொம்புத் தண்ணீர்

ஒரு காட்டில், ரொம்ப நாளைக்கு முன்னால் எல்லாம் இல்லை, போன கோடையில்தான், ஆலமரத்தடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாஷிங் மெஷின் வந்து இறங்கியது. டோக்கன் வாங்கி வரிசையில் நின்றால் யார் துணியானாலும் துவைத்துத் தரும். தண்ணீரை வீணாக்காதாம்; அதற்காக நெற்றியில் ஐந்து நட்சத்திரம் வேறு.

அந்தக் காட்டில் மையழகி என்றொரு தேவாங்கு இருந்தாள். இரட்டைப் பிள்ளைக்காரி. பகலெல்லாம் தூங்குகிற இனம். பிள்ளைத் துணிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். மெஷினோ அவள் துணியை இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அரைச் சொம்புத் தண்ணீரைத் தெளிக்கும். கோயில் தீர்த்தம்கூட அதைவிடத் தாராளம். துணி சோப்போடு வெளியே வரும். அதில் படுத்த பிள்ளைகள் இரண்டும் உடம்பெல்லாம் தடித்து, சொறிந்து சொறிந்து, மூன்று நாளாகப் பால்கூடக் குடிக்கவில்லை.

மையழகி புகார்ப் படிவம் எழுதிப் போட்டாள். மெக்கானிக் கொண்டையப்பன் வந்தார். மரங்கொத்தி அல்லவா, மெஷினை நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"எடை பார்த்துத்தாம்மா இது தண்ணி ஊத்தும். உங்க துணி ஒரு கைப்பிடி. அதுக்கு இவ்வளவுதான் வரும்."

"பிள்ளைங்களுக்கு அரிக்குதுங்க."

"அரிப்புக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா."

அவளுக்கு அடுத்த டோக்கன் எருமை சடைச்சியுடையது. நாள் முழுக்கக் குளத்தில் கிடப்பவள். அப்படியே எழுந்து வந்து, சொட்டச் சொட்ட ஒரு போர்வையை உள்ளே போட்டாள். மெஷின் ஒருமுறை முனகிவிட்டுத் தொட்டி ததும்பத் தண்ணீர் விட்டது. மையழகிக்கு ஏற்கெனவே பெரிய கண். அன்றைக்கு இன்னும் பெரிதானது.

இது எப்படியக்கா என்று கேட்டாள். சடைச்சி அசைபோட்டபடியே சொன்னாள்: "அதுக்கு என்ன தெரியும் புள்ள? ஈரத்துல கனத்தா, நெறைய துணின்னு நெனச்சுக்கும். காஞ்சு போய் நின்னா யாரு மதிக்கிறா?"

மறுநாள் மையழகி டோக்கனைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு குளத்துக்குப் போனாள். துணியை முக்கினாள். நுரை வந்தது. மறுபடி முக்கினாள், கசக்கினாள், அலசினாள். பழைய சோப்பெல்லாம் கரைந்து, துணி மல்லிகைப் பூவாட்டம் வெளுத்தது. அப்புறம் மெஷின் எதற்கு என்று கேட்பீர்கள். டோக்கன் வாங்கியாச்சே. தன்னைவிடக் கனமான ஈரத்துணியை இழுத்து வந்து போட்டாள். மெஷின் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, சுத்தமான துணியை வெகு சிரத்தையாகத் துவைத்துக் கொடுத்தது.

இரண்டே நாளில் பிள்ளைகளுக்குத் தடிப்பு அடங்கிவிட்டது. முட்டி மோதிப் பால் குடித்தன. சேதி பரவி, காடே குளத்தில் துவைத்துவிட்டு மெஷின் முன்னால் வரிசை கட்டியது.

புகாரை முடித்துவைக்கக் கொண்டையப்பன் வந்தார். அழுக்கை எடுத்தது குளம்தானுங்க என்று மையழகி சொல்லிப் பார்த்தாள். குளத்துக்கும் கட்டம் இல்லையாம். 'மெஷின் நன்றாக வேலை செய்கிறது' என்ற இடத்தில் கைரேகை வைத்தால்தான் அடுத்த டோக்கன் என்றார். வைத்தாள். அவர் மெஷினுக்கு ஆறாவது நட்சத்திரத்தை ஒட்டிவிட்டுப் பறந்தார்.

வரிசை கலைந்தது. மையழகி பிள்ளைகளிடம் ஓடினாள். கடைசியாகச் சடைச்சி, துவைத்த போர்வையை முதுகில் போட்டுக்கொண்டு குளத்தைப் பார்த்து நடந்தாள். நாளைக்கும் டோக்கன் இருக்கிறது. அதற்குள் போர்வை நனைய வேண்டாமா?

நீதி: தண்ணீர் கேட்கப் போகிறவர், போகும்போதே நனைந்துகொண்டு போக வேண்டும்.