மிஸ்டு கால் மன்றம்

மக்களாட்சியைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்கர்கள் என்று பள்ளிப் புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டுப் போகட்டும். கண்டுபிடிப்பது யாருக்கும் கைவரும். அதைச் சத்தமில்லாமல் ஓட வைப்பதுதான் பெரிது. அந்தச் சாதனையைச் செய்து காட்டியது, ஆரணியில் டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் வந்துவிடுகிற எங்கள் மேல்தறிப்பேட்டை பேரூராட்சி. ஆண்டு 2003. வரலாற்றாசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

என் பெயர் குப்புராஜ். ஆரணியில் அச்சகம் வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியம், நான் 'மக்களாட்சிப் பாதுகாப்புப் பேரவை'யின் நிறுவனர், பொதுச் செயலாளர், பொருளாளர். உறுப்பினர் சேர்க்கை விரைவில் தொடங்கும்.

எங்கள் பேரூராட்சித் தலைவர் திரு. பரசுராமன் பெரிய மனிதர். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை அவருடையது. பட்டறைக் கழிவு ஓடும் கால்வாயும் ஆறாவது வார்டுக்குப் போகும் குடிநீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் அண்ணன் தம்பி போலப் படுத்திருந்தன. குழாய் எப்போதோ விரிசல் விட்டது. அதன் பிறகு இரண்டும் கலந்து பழகின. ஆறாவது வார்டில் குழாயைத் திறந்தால் போதும், பட்டறையில் அன்று என்ன கலர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். முகூர்த்த மாதங்களில் அரக்கு. தீபாவளிக்கு முன்னால் மயில்கழுத்து. 'வெளிப்படையான நிர்வாகம்' வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அது குழாயிலேயே வந்தது.

மன்றக் கூட்டமும் அதே அழகுதான். மாதம் ஒரு முறை பதினைந்து உறுப்பினர்களும் வந்து அமர்வார்கள். செயல் அலுவலர் தீர்மானத்தின் எண்ணை மட்டும் வாசிப்பார். மூத்த உறுப்பினர் தனகோடி "வழிமொழிகிறேன்" என்பார். முன்மொழிந்தது யார் என்று யாரும் கேட்டதில்லை. பிறகு மசால் வடை. வடையின் சூடு ஆறுவதற்குள் மக்களாட்சி நடந்து முடிந்திருக்கும்.

இந்த அமைதியைக் கெடுத்தவர் திலகவதி.

ஆறாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பட்டு நெய்கிற திலகவதி அதில் நின்று ஜெயித்தார். அரசியல் சட்டம் அவரை மன்றத்துக்கு அனுப்பியது. எங்கள் வழக்கம் அவர் கணவர் பாலமுருகனை அனுப்பியது. பாலமுருகன் அருமையான பெண் உறுப்பினர். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அந்தக் கோடையில், வார்டின் கடைசிக் குழாய்க்கு எதிரே குடியிருந்த பச்சையம்மாளின் மகள் சுபத்ராவுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பச்சையம்மாள் கூலி வேலைக்குப் போகிறவர். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் திரும்பி வந்தபோது பள்ளிச் சட்டை அவள் தோளில் நிற்காமல் நழுவி விழுந்தது. பார்க்கப் போன திலகவதி அந்தச் சட்டையை இரண்டு முறை சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த கூட்டத்துக்குப் பாலமுருகன் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க தறியப் பாருங்க. நான் போயிட்டு வர்றேன்" என்றார் திலகவதி.

அன்று தீர்மான எண் வாசிக்கப்பட்டது. தனகோடி வாயைத் திறப்பதற்குள் திலகவதி எழுந்தார்.

"தலைவரே, ஒரு கேள்வி."

அந்தச் சொல் அந்த மண்டபத்தில் அதற்கு முன் ஒலித்ததில்லை. வடைத் தட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்க வார்டுல தண்ணி இன்னாத்துக்குங்க செவப்பா வருது?"

தலைவர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். "இந்த வாரம் அரக்கு ஆர்டர்மா."

"அது தெரியுதுங்க. கொழாய எப்ப மாத்துவீங்க?"

"ஏன், கலர் புடிக்கலியா?"

உறுப்பினர்கள் சிரித்தார்கள். திலகவதி காத்திருந்தார். "ஒரு கொழந்த சாவப் பார்த்துச்சிங்க" என்றார். அதற்கு மேல் யாருக்கும் சிரிக்க வரவில்லை. தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். வடை வீணாயிற்று.

அடுத்த நாளிலிருந்து திலகவதி வீட்டுத் தறிக்கு வரவேண்டிய சாய நூல் வரவில்லை. "பட்டறையில வேல ஜாஸ்தி" என்று சொல்லி அனுப்பினார்கள். தறி சும்மா நின்றது. நிர்வாகமும் தொழிலும் இப்படிக் கைகோத்து நடப்பதை வெளிநாடுகளில் பெரிய படிப்பாகவே சொல்லித்தருகிறார்களாம்.

தலைவர் அதோடு நிற்பவரா? சென்னையில் ஒரு குளிரூட்டப்பட்ட ஓட்டலில் நடந்த 'நவீன நிர்வாகப் பயிற்சி'க்குப் போய்விட்டு, 'டெக்னாலஜி' என்ற சொல்லோடு திரும்பினார். உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு செல்போன் அன்பளிப்பு. கூடவே ஒரு சீர்திருத்தத் தீர்மானம். அதன் சுருக்கம்: கூட்டம் போடுவது கால விரயம். இனி மன்றத்தின் அதிகாரங்கள் அனைத்தும் தலைவரிடம் இருக்கும். முடிவெடுக்க வேண்டி வந்தால் தலைவர் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மிஸ்டு கால் கொடுப்பார். போனை எடுக்காவிட்டால் ஆதரவு என்று கொள்ளப்படும்.

போஸ்டர் அடிக்க என்னிடம் வந்தபோது ஓர் ஆர்வத்தில் கேட்டேன்.

"எடுத்துட்டா, தலைவரே?"

"எடுத்துட்டா அது எப்டிய்யா மிஸ்டு கால் ஆவும்? செல்லாத ஓட்டு."

மெய்சிலிர்த்தேன். எதிர்ப்பதற்கு வழியே வைக்காத வாக்கெடுப்பு! சர்வாதிகாரிகள்கூட ஒரு பெட்டி வைத்து, ஒரு சீட்டு அடித்து, எவ்வளவு சிரமப்படுகிறார்கள்! வெள்ளோட்டமாக இந்தத் தீர்மானத்தையே அடுத்த கூட்டத்தில் மிஸ்டு காலில் நிறைவேற்றுவது என்று ஏற்பாடு. 'டிஜிட்டல் தலைவா!' என்று இரண்டு வண்ணத்தில் போஸ்டர் அச்சடித்துக்கொண்டிருந்தபோது திலகவதி அச்சகத்துக்கு வந்தார். கையில் ஒரு துண்டுத் தாள்.

"ண்ணா, வர்ற செவ்வாக்கெழம மன்றக் கூட்டம். சட்டப்படி ஜனங்க யாரு வேணா வந்து ஒக்காந்து பாக்கலாமாம். எல்லாரும் வாங்கன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சித் தர்றீங்களா?"

பேரவையின் பொதுச் செயலாளர் என்ற முறையில் அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, மக்கள் பிரதிநிதிகளுக்குத் துணிவு எவ்வளவு இன்றியமையாதது என்று விரிவாக எடுத்துச் சொன்னேன். டீ இரண்டாவது முறையும் வந்தது.

"நோட்டீசுண்ணா?"

"அம்மா, நோட்டீஸ் வெறும் காகிதம். துணிவு நெஞ்சில் அச்சாக வேண்டும்."

"நெஞ்சுல அடிச்சா செவுத்துல ஒட்ட முடியாதுங்களே."

மெஷின் பழுது என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

நோட்டீஸ் இல்லாத குறையை அவர் நிவர்த்தி செய்த விதம் நாகரிகமானதல்ல. பச்சையம்மாளைச் சேர்த்துக்கொண்டு, பாட்டிலில் ஆறாவது வார்டுத் தண்ணீரோடு, ஒவ்வோர் உறுப்பினர் வீட்டுக்கும் போனார். டம்ளரும் அவர்களே கொண்டுபோனார்கள். உறுப்பினர்கள் என்னிடம் வந்து முறையிட்டதால் எனக்கு எல்லாம் தெரியும்.

தனகோடி வீட்டில் நடந்தது இது.

"ஒங்க ஓட்டு வேணாங்க. இத ஒரு மொடக்கு குடிங்க. அப்பறமா வழிமொழியுங்க" என்றார் திலகவதி.

தனகோடி டம்ளரைப் பார்த்தார். "எனக்கு சுகர் கீதும்மா."

"இதுல சக்கர இல்லீங்க."

தனகோடிக்கு நான்கு தறி. நான்குக்கும் நூல் பரசுராமன் பட்டறையில்தான் சாயமேறுகிறது. "நான் பேசினா நாளைக்கே எந் தறியும் நின்னுடும்மா. வயசான காலத்துல பேஜாரு" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது.

பச்சையம்மாள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "ஒங்க தறி நின்னா மறுபடி ஓட்டிக்கலாம்ண்ணா" என்றார். "எம் புள்ள மூச்சு நின்னு நின்னு வந்துச்சி. நான் பஸ்சுல எண்ணிகினே போனேன்."

தனகோடியின் மனைவி ஜெயம் உள்ளேயிருந்து வந்து டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். "இதையா அந்தப் புள்ளைங்க குடிச்சிகினு கீதுங்க?"

"கட்சியில இன்னா சொல்றாங்களோ..." என்று தனகோடி இழுத்தார்.

"கட்சியையும் கூட்டிகினு வா. அதுக்கும் ஒரு டம்ளர் ஊத்தறேன்" என்றார் ஜெயம்.

செவ்வாய்க்கிழமை வந்தது. மண்டபத்தில் ஆறாவது வார்டு முழுக்க வந்திருந்தது. மற்ற வார்டுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். பொதுமக்களின் வசதி கருதித் தலைவர் நாற்காலிகளை எடுக்கச் சொல்லியிருந்தார். அவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் தலைவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. பார்வையாளர்களைப் பார்வையிட ஒருவர் வேண்டாமா?

"இவங்கள்லாம் யாரு? வெளிய அனுப்புங்க" என்றார் தலைவர்.

செயல் அலுவலர் தொண்டையைச் செருமினார். "ஜனங்க பாக்கலாம்னு சட்டத்துல கீதுங்க."

"எந்தச் சட்டம்?"

"நம்ம சட்டந்தாங்க. நாம இன்னும் அத எடுத்துப் பாக்கல."

கூட்டம் அசையவில்லை. தலைவர் வேறு வழியின்றித் தம் செல்போனை எடுத்தார். வரலாறு தொடங்கியது.

முதல் வார்டு உறுப்பினரின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் கூரையைப் பார்த்தார். அடித்து ஓய்ந்தது. "ஆதரவு" என்றார் செயல் அலுவலர். ஐந்தாவது வார்டு வரை ஐந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். அந்தக் கூரையில் அவ்வளவு பார்க்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

ஆறாவது போன் அடித்தது. திலகவதி பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தார்.

"ஹலோ, யாருங்க பேசறது?"

எதிரிலேயே உட்கார்ந்திருந்த தலைவர், பழக்கதோஷத்தில் தம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நான்தாம்மா தலைவரு" என்றார்.

"சொல்லுங்க தலைவரே. எங்க வார்டுல தண்ணி இன்னாத்துக்குங்க செவப்பா வருது?"

"போனை வைம்மா!"

"நீங்கதான கூப்டீங்க?"

தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "செல்லாது!" என்று தலைவர் கத்தினார். "செல்லாது" என்று செயல் அலுவலரும் சொன்னார்.

ஏழாவது உறுப்பினர் எடுக்கவில்லை. எட்டாவது, தனகோடி. அவர் பையில் நாதஸ்வர ஓசை எழுந்தது. கையில் எடுத்தார். தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தது. தரையில், பச்சையம்மாளுக்குப் பக்கத்தில் ஜெயம் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தனகோடி போனைக் காதில் வைத்தார்.

"ஹலோ" என்றார். குரல் மெலிந்து வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஹலோ! தலைவரே, அந்தக் கொழாய மாத்திடுங்க" என்றார்.

அப்புறம் நடந்ததைத் தடுக்க யாராலும் முடியவில்லை. ஒன்பது, "ஹலோ." பத்து, "ஹலோ, சொல்லுங்க." பதினொன்று, மணி அடிப்பதற்கு முன்பே "ஹலோ." மிச்சமிருந்தவர்களில் ஒருவர்தான் எடுக்கவில்லை, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் கடைசி வரை போராடினார்.

செயல் அலுவலர் கூட்டிப் பார்த்தார். "ஆதரவு ஏழு. செல்லாதது எட்டு. பாதிக்கு மேல வரலீங்க. தீர்மானம் தோத்துடுச்சி" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "குழாய மாத்தறதுக்கு ஒரு தீர்மானம் எழுதிடட்டுங்களா?" என்று கேட்டார். யாரை என்று தெரியவில்லை. பதில் தரையிலிருந்து வந்தது.

மழைக்காலத்துக்கு முன்பே புதுக் குழாய் போட்டாயிற்று. கால்வாயை அந்தப் பள்ளத்திலிருந்து திருப்பிவிட்டார்கள். தனகோடி பயந்தபடியே அவருடைய தறிகள் கொஞ்ச காலம் நின்றன. பிறகு அவரும் திலகவதியும் வேறு சில நெசவாளர்களும் சேர்ந்து வெளியூரில் சாயம் போட ஏற்பாடு செய்துகொண்டார்கள். தலைவருக்குத்தான் ஆர்டர் குறைந்தது. பாவம்.

இந்த மகத்தான வெற்றியை எங்கள் பேரவை கொண்டாடாமல் விடுமா? ஆரணியில் கல்யாண மண்டபம் பிடித்து 'மக்களாட்சி மீட்பு விழா' எடுத்தேன். தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்ற திரு. பரசுராமன் தலைமை. கூரையைப் பார்த்த உறுப்பினர்களுக்கு முன்வரிசை. மேடை நிறைந்துவிட்டதால் திலகவதிக்கும் பச்சையம்மாளுக்கும் இடம் ஒதுக்க முடியவில்லை. கீழேயும் நாற்காலிகள் நிரம்பிவிட்டன; அவர்கள் தூண் ஓரமாக நின்றார்கள்.

நான் மைக்கைப் பிடித்து முழங்கினேன். அரசியல் சட்டம் ஆபத்தில் இருக்கிறது என்றேன். சட்டம் இயற்றுவோர் அஞ்சலாகாது என்றேன். கைதட்டல் ஓயவில்லை. இறுதியாகக் கையை உயர்த்தி, "மக்களே, நீங்கள் எப்போது எழப்போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அது பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி அல்ல. இது பச்சையம்மாளுக்குத் தெரியவில்லை.

"நாங்க அப்பவே எழுந்து நின்னுகினுதான் கீறோம்ண்ணா" என்றார் தூண் ஓரத்திலிருந்து. "நீங்க எப்ப எறங்குவீங்க?"

மண்டபம் என்னைப் பார்த்தது. மேடையிலிருந்து கீழே மூன்றே படிகள்தான். ஆனால் நன்றியுரையும் நானே சொல்ல வேண்டியிருந்ததால், தொடர்ந்து பேசினேன்.